கூடமாட

இருநூற்றுப் பதினான்கு தபால் பெட்டிகள்.
அறுபத்தொரு மைல் சரளைச் சாலை.
நிற்பதற்கும் கிளம்புவதற்குமே
குடித்துத் தீர்த்தது என் சின்ன வண்டி.

வடக்கு டகோட்டாவில்
என் தடத்துக்கு அரசு வண்டி கிடையாது.
சொந்தக் காரில் வலதுபக்க இருக்கையில் உட்கார்ந்து
இடதுகாலை அந்தப் பக்கம் நீட்டி மிதித்து
இடதுகையால் ஸ்டீயரிங்,
வலதுகையால் ஜன்னலுக்கு வெளியே
மின்கட்டண உறை, விதைப் பட்டியல், வக்கீல் கடிதம்.
பாதி ஓட்டுநர், பாதி பயணி.
இடுப்புவலி மட்டும் முழுசாக என்னுடையது.

முன்சக்கரங்கள்தாம் இழுக்கும்.
பின்னால் இரண்டும்
பத்தொன்பது வருடமாய்ச் சும்மா கூட வருகின்றன,
கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் நண்பர்கள் மாதிரி.
அவற்றையும் வேலைக்கு அனுப்பினால் என்ன
என்று தோன்றியது ஒரு பிப்ரவரி இரவில்,
பெட்ரோல் ரசீதுகளை ஷூ டப்பாவில் அடுக்கும்போது.

மூடிப்போன கோல்ஃப் மைதானத்தில்
புல் மூடிக் கிடந்த வண்டியிலிருந்து
மோட்டாரைக் கழற்றினேன். எழுபது டாலர்.
படகுக் கடையில் நான்கு பேட்டரிகள்.
டிக்கியில் ஏற்றியதும்
கார் பின்பக்கமாகக் குந்தியது.

தானியக் கிடங்கில் வெல்டிங் செய்யும் லைல் ஃபோஸ்
குனிந்து பார்த்தான், மல்லாந்து பார்த்தான்.
"லோர்னா, இது குதிரைக்குப் பின்னால்
கோவேறு கழுதையைக் கட்டுவது."
"கட்டு" என்றேன்.

முதல் ஓட்டத்தில் சங்கிலி அறுந்தது.
அறுந்த முனை தரையைத் துளைத்துப் போயிற்று;
அந்த ஓட்டை வழியே சாலை ஓடுவது தெரிந்தது.
டவுன்ஹால் கூட்ட நோட்டீஸை மடித்து அடைத்தேன்.
இரண்டாம் முறை, பல்சக்கரம் அரை அங்குலம் கோணல்.
மூன்றாம் முறைதான்
ஸ்டீயரிங்கில் ஒட்டிய அழைப்புமணிப் பொத்தானை
பெருவிரல் தொட்டதும்
யாரோ முதுகில் கைவைத்துத்
தள்ளிவிட்டது போல் இருந்தது.
திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே.

பெட்டிக்குப் பெட்டி இன்ஜினை அணைத்துவிடுவேன்.
நீண்ட சாலையில் பெட்ரோல்,
நெருங்கின வீடுகளில் மின்சாரம்.
இன்ஜின் தூங்கினால் பிரேக் கல்லாகிவிடும்
என்பதை ஃபைஃபர் வீட்டுப் பெட்டி சொல்லிக்கொடுத்தது.
புதுப் பெட்டி, புதுக் கம்பம்:
முப்பத்தெட்டு டாலர், மிச்சக் கணக்கிலிருந்து கழித்தேன்.

பிறகு ஏப்ரல்.
இத்தனை வருடம் இந்தச் சாலையில்
எனக்குக் கேட்டதெல்லாம் என் சைலன்சர்தான்.
இப்போது டயருக்கடியில் கூழாங்கல் நெரிகிறது.
வேலிக்கம்பி காற்றில் முனகுகிறது.
ஒரு வீட்டு ஜன்னலில், யாரோ யாரையோ
"சரி, தப்பு என்மேல்தான்" என்றது
கடிதம் போடுமுன் காதில் விழுந்துவிட்டது.
சத்தமில்லாத வண்டிக்கு
இப்படி ஒரு சங்கடம் உண்டென்று
யாரும் எழுதிவைக்கவில்லை.

வெட்ஸ்டைன் பண்ணையில் டியூக்.
ஆறு வருடமாக என் வண்டியைத் துரத்தும் நாய்.
கொட்டகையிலிருந்து பாலம்வரை இருநூறு கஜம்,
மழையோ பனியோ விட்டதில்லை.
முதல் மௌன நாளில் தலையைத் தூக்கியது.
சாலையைப் பார்த்தது. என்னைப் பார்த்தது.
இரண்டையும் சேர்க்கத் தெரியாமல் படுத்துக்கொண்டது.
மறுநாள் காதுகூட அசையவில்லை.
அதற்கு மறுநாள்
கொட்டகை வாசலில் ஆளே இல்லை.

வெள்ளிக்கிழமை,
பண்ணைக்கு இன்னும் கால் மைல் இருக்கும்போது
பொத்தானிலிருந்து விரலை எடுத்து
சாவியைத் திருகினேன்.
இருமி, புகைந்து, பழைய குரலில் உறுமியது கார்.
கொட்டகை மூலையிலிருந்து
பழுப்பு நிறத்தில் ஒரு வசவு பறந்து வந்தது.
பாலம்வரை. ஒரு கஜம் குறையாமல்.

மே மாதக் கடைசியில் லைல்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கணக்குப் பார்த்தான்.
"இவ்வளவு மிச்சமாகியிருக்க வேண்டுமே,
கொஞ்சம் எங்கேயோ ஒழுகுகிறது."

எதிர்க்காற்று என்றேன்.